பாதையில் நின்ற எருமை

ஒரு காட்டில் கோடைக்குத் தப்பிய குளம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதற்குப் போகும் பாதையோ ஒரு யானை அகலம். அதனால் அங்கே ஒரு சட்டம்: பாதையில் நடக்கலாம், நிற்கக் கூடாது.

நின்றவர் யாராக இருந்தாலும் காவல் குரங்கு மரத்திலிருந்து குதித்து, கொம்பிலோ கழுத்திலோ பிரண்டைக் கொடியைக் கட்டிவிடும். கொடி கட்டப்பட்டவர் ஏழு நாள் எல்லோருக்கும் கடைசியாகத்தான் தண்ணீர் குடிக்கலாம். தினமும் அவர் முறை வருவதற்குள் தண்ணீர் கலங்கிச் சேறாகிவிடும். குரங்குக்குக் கொடி கட்டுவதென்றால் கொள்ளை ஆசை.

ஒரு நண்பகலில் எருமை ஒன்று தன் கன்றோடு அந்த வழியே வந்தது. வெயில் தாளாமல் கன்று பாதையிலேயே படுத்துவிட்டது. எருமை அதன்மேல் நிழல் விழும்படி நின்றது. கன்று தெம்பாகி எழுவதற்குள் எருமையின் கொம்பில் பிரண்டை ஏறிவிட்டது.

"ஐயா, கன்றுக்கு முடியவில்லை..." என்றது எருமை.

"எல்லோரும் இப்படி ஏதாவது சொல்வார்கள். நாளைக்கு யானைத் தலைவரிடம் சொல்லுங்கள்" என்று குரங்கு அடுத்த மரத்துக்குத் தாவியது.

சேற்றுத் தண்ணீரைக் குடித்தால் பால் வற்றிவிடுமே என்று எருமை கலங்கியது. அப்போது நரி வந்தது. ஊரார் வழக்கென்றால் அதற்குச் சாப்பாடே வேண்டாம்.

"எருமையக்கா, 'நின்றேன், ஆனால்' என்று ஆரம்பித்தால் தோற்றீர்கள். 'ஆனால்' யார் காதிலும் விழாது. நிற்கவே இல்லை என்று அடித்துச் சொல்லுங்கள்."

மறுநாள் சபை கூடியது.

"தலைவரே, நான் பாதைக்கே போகவில்லை. கோரைப் புல்லில் படுத்துத் தூங்கினேன். குரங்கு அங்கே வந்து வேண்டுமென்றே கட்டிவிட்டது" என்றது எருமை.

குரங்கின் முகம் வாடிவிட்டது.

"அம்மா, நீ தூங்கவே இல்லையே!" என்றது கன்று. "நான்தானே பாதையில் படுத்தேன். நீ எனக்கு நிழலாக நின்றாயே!"

எருமை தலையைத் தொங்கப் போட்டது.

"முடியாதவருக்குத் துணையாக நிற்பது குற்றமில்லை அம்மா. நம் சட்டத்திலேயே அது இருக்கிறது" என்றபடி யானை கொடியை அவிழ்க்கத் துதிக்கையை நீட்டியது. பாதியில் நிறுத்திக்கொண்டது.

"வந்ததும் இதைச் சொல்லியிருந்தால் நானே அவிழ்த்திருப்பேன். இப்போது ஒரு பாவமும் அறியாத காவல்காரன்மேல் பழி போட்டுவிட்டீர்கள். அந்தப் பழிக்காகக் கொடி ஏழு நாள் இருக்கட்டும். கன்று முதலில் குடிக்கட்டும்."

எருமை நரியைப் பார்த்தது.

"வாதத்தில் ஒரு குறையும் இல்லை அக்கா. கன்றுக்குச் சொல்லிக் கொடுக்க மறந்துவிட்டீர்கள்" என்றது நரி. பிறகு தெளிந்த தண்ணீரைக் குடிக்கக் குளத்தில் இறங்கியது.

நீதி: உண்மை உன் பக்கம் இருக்கும்போது, பொய்யை வழக்காட அனுப்பாதே.