ஆணியில மாட்டின டெஸ்டர்

ஒரு ஊர்ல ஒரு லைன் வீடு. அதுல பூரணின்னு ஒருத்தி, அவளும் அவ அம்மாவுமா இருந்தாங்க. ஸ்க்ரூ டிரைவர், கட்டிங் பிளேயர், டெஸ்டர்னு ஒவ்வொண்ணா சேத்து ஒரு பிஸ்கட் டப்பாவுல வச்சிருந்தா பூரணி. மிக்ஸியோ அயர்ன் பாக்ஸோ, எது மக்கர் பண்ணாலும் அவளே பாத்துக்குவா. என்ன, ம் காணோம்? ஆங்.

அந்த லைன்ல மத்தவங்க இருக்காங்களே, அவங்களுக்கு இரவல் வாங்கத் தெரியும், திருப்பித் தரத் தெரியாது!

அப்புறம் ஒரு வெள்ளிக்கிழமை, விளக்கு வச்ச நேரம். அம்மாவுக்கு மூச்சு இழுப்பு வந்துடுச்சு. ஹீய்... ஹீய்... மருந்துப் புகை விடுற மெஷினை எடுத்தா, பிளக்குல வயர் விட்டுப்போயிருக்கு. டப்பாவைத் தொறந்தா காலி. எல்லாம் இரவல் போயிருக்கு.

ஓடினா. டொக் டொக்! "சொர்ணக்கா, என் ஸ்க்ரூ டிரைவர்!"

"விளக்கு வச்சாச்சேடி. இரும்பை வெளிய குடுத்தா லட்சுமி போயிடுவா."

அப்புறம் பக்கத்து வீடு. டொக் டொக்! "தங்கப்பண்ணே, என் பிளேயர்!"

"வெள்ளிக்கிழமை அதுவுமாவா? காலையில வாம்மா."

அப்போ அங்க அம்மா... ஹீய்... ஹீய்...

அப்புறம் கடைசி வீடு. "மரகதம் அத்தை, டெஸ்டர்!"

"இந்த நேரத்துல இரும்பை எப்படிடி..."

"என் சாமானை எனக்குத் தர நல்ல நேரம் பாக்குறீங்களா? அங்க எங்கம்மா மூச்சுக்குத் தவிக்கிறா! வெளியதானே போகக் கூடாது? நான் உள்ள வரேன்!"

விறுவிறுன்னு போயி மெஷினைத் தூக்கிட்டு வந்து, மரகதம் வீட்டுச் சாமி படத்துக்கு முன்னாடியே சம்மணம் போட்டா. அங்க இருந்த தன் டெஸ்டரை எடுத்து, அது முனையால பிளக்கைக் கழட்டினா. பிளேயர் இல்லையே, வயரைப் பல்லால கடிச்சு உரிச்சா. முறுக்கி மாட்டி சுவிட்சைத் தட்டினா, கிர்ர்ர்ர்! தூக்கிட்டு ஒரே ஓட்டம். அம்மாவுக்கு மூச்சு மெல்ல சீராச்சு.

கோபம் போச்சான்னு கேக்குறியா? எப்படிப் போகும்? விடிஞ்சதும் மூணு வீட்டுலயும் பிடுங்கிட்டு வந்தா. வாசல்ல எல்லாருக்கும் பொதுவா மீட்டர் பெட்டி இருக்குல்ல, அது பக்கத்துல டம் டம் டம்னு ஆணி அடிச்சு, மூணையும் கயிறு கட்டித் தொங்கவிட்டா.

"இது யார் வீடும் இல்ல. இங்கேருந்து எடுத்தா எந்த வீட்டு லட்சுமியும் போக மாட்டா. யாருக்கு மூச்சு முட்டினாலும், எந்த நேரமா இருந்தாலும் எடுத்துக்கங்க. என்கிட்ட மட்டும் யாரும் பேசாதீங்க!"

அவ்வளவுதான் கண்ணு. கதையையும் ஆணியில மாட்டியாச்சு, கண்ணை மூடு.