சரணாலயத்துக்குள்ள பறவைக்கு அனுமதி இல்ல

ஒரு ஊர்ல ஒரு அஞ்சம்மா இருந்தா. ஒருத்திதான், எண்ணிட்டேன். அவ வீட்டுக்குப் பின்னால, வலையில சிக்கி இறக்கை கிழிஞ்சு ஒரு பூநாரை கிடந்துச்சு. பூநாரை தெரியுமில்ல, குச்சிக் கால்ல ரோஸ் கலர்ல நிக்குமே? ம் சொல்லு.

"ம்."

இருபத்திரண்டு நாள் கூனி இறால் போட்டு அதைத் தேத்தினா. அப்போ உப்பளத்து ஆளுங்க சொன்னாங்க: "இதோட கூட்டம் கடலோரச் சரணாலயத்துல நிக்குது. இன்னிக்குப் பொழுது சாயறப்போ கிளம்பிடும். அதுக்குள்ள சேர்த்துடு, இல்லைன்னா இது தனியாத்தான் நிக்கணும்."

அப்புறம் என்ன, நாரையைப் பழஞ்சேலையில சுத்தி, கால் ரெண்டும் வெளியே நீட்ட, இடுப்புல தூக்கிட்டுப் பஸ் ஏறினா. கடகடன்னு போன பஸ் நடுவழியில நின்னுச்சு.

"இறங்கும்மா, இதுக்கு மேல போகாது."

"சரணாலயம் எங்கய்யா?"

"தோ, கூப்பிடு தூரம்."

அவளும் நம்பி ஒரு தடவை கூப்பிட்டுப் பார்த்தா. யாரும் வரலை. நடந்தா. நாலு மைல். கண்டக்டருக்கு அவ்வளவு பெரிய தொண்டை.

அப்புறம் ஒரு பலகை: 'சரணாலயம் 3 கி.மீ.' நடந்தா. அடுத்த பலகை: 3 கி.மீ. அதுக்கு அடுத்ததும் மூணுதான். சொன்ன சொல் மாறாத பலகைங்க. ம்?

"ம்ம்..."

அப்புறம் கேட் வந்துச்சு. பொழுது சாய ஆரம்பிச்சிடுச்சு. வாட்ச்மேன் பக்கிரிசாமி எழுந்து நின்னாரு.

"அதென்ன இடுப்புல?"

"பூநாரைங்கய்யா. உள்ள விடணும்."

"பறவை, மிருகம் எதையும் உள்ள கொண்டுபோகக் கூடாது."

"இது பறவைச் சரணாலயந்தானேய்யா?"

"அதனாலதான் கூடாதுங்கறேன். உள்ள இருக்கற பறவைங்களுக்கு எதாவது ஆச்சுன்னா?"

"இது உள்ள இருந்த பறவைதான்யா."

"அத்தாட்சி இருக்கா?"

பாவம் நாரை, அவசரத்துல எடுத்து வைக்க மறந்திடுச்சு. அந்தப் பக்கம் கூட்டம் படபடன்னு இறக்கையை உதறுது.

"கேட் எவ்வளவு உசரம்யா?"

"ஏழடி."

"அதுக்கு மேல யாரு காவல்?"

பக்கிரிசாமி அண்ணாந்து பார்த்தாரு. மேல பார்க்கச் சொல்லி அவருக்கு உத்தரவு வரலை.

அப்போ அவ முடிச்சை அவிழ்த்து, ரோட்டோரச் சேத்துத் தண்ணியில நாரையை விட்டா. சளக் சளக்னு ஓடுச்சு, விழுந்துச்சு. மறுபடி ஓடுச்சு, விழுந்துச்சு. மூணாந்தடவை சளக் சளக் சளக்... படபடபட! எட்டடி! கேட்டைத் தாண்டி நேரா கூட்டத்துக்குள்ள போயிடுச்சு. உடனே அத்தனையும் ஒண்ணா எழும்புச்சு.

பக்கிரிசாமி மெதுவா பக்கத்துல வந்தாரு. "ஆத்தா, அதுல எது உன்னுது?"

அஞ்சம்மா கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பார்த்தா. இருபத்திரண்டு நாள் சோறு போட்டவ.

"தெரியலைய்யா"ன்னு சொல்லிச் சிரிச்சா.

ம் சொல்லு. சொல்லலையா? சரி, கதை கடலைத் தாண்டிப் போயிடுச்சு. நீ கரையிலயே படுத்துக்கோ.