டிரம்முல விழுந்த பள்ளம்

திருச்சி பாலக்கரையில செண்பகவல்லின்னு ஒரு மெக்கானிக் அம்மா. பழைய புல்லட்டு இருமுற இருமல வச்சே அதுக்கு எங்க நோவுன்னு சொல்லிருவாங்க. வீட்டுக்காரரு இருமுனா திரும்பிப் பாக்க மாட்டாங்களாம், வண்டி இருமுனா எந்திரிச்சு ஓடுவாங்களாம். அது தனிக் கதை, விடுங்க.

அவங்ககிட்ட சவரிமுத்து பதினோரு வருஷமா தொழில் கத்துக்கிட்டிருந்தான். நாப்பத்தி மூணு வயசு ஆளு. மேஸ்திரியம்மாவோட வலது கைன்னு தெருவே சொல்லும். அந்தப் பேச்சுல அவனுக்கு ஒரு சொகம்.

ஆறு மாசம் முந்தி நாகலிங்கம் வந்து சேந்தான். டெய்லரு. ரெடிமேடு வந்து பொழப்பு படுத்துப்போச்சு. ஒருதரம் கல்யாண மாப்பிள்ளை பேண்ட்டையும் மாமனாரு பேண்ட்டையும் மாத்திக் குடுத்துட்டானாம். தாலி கட்ட ரெண்டு கையும் வேணுமே? மாப்பிள்ளைத் தோழன்தான் பின்னால நின்னு இடுப்பப் புடிச்சுக்கிட்டானாம்! ஆனா அவன் விரலு இருக்கே, பொன்னு.

மேஸ்திரி ஒருநா கார்புரேட்டர் ஊசிய அவன் கையில குடுத்தாங்க.

"தடவிப் பாரு. என்ன தெரியுது?"

"நடுவுல நூலளவு தேஞ்சிருக்கு மேஸ்திரி."

செண்பகவல்லி வாய்விட்டுச் சிரிச்சாங்க. சவரிமுத்துக்குச் சுருக்குன்னுச்சு. பதினோரு வருஷத்துல நம்மளப் பாத்து இப்படி ஒரு சிரிப்பு வந்ததில்லியே. அன்னைலேர்ந்து அவன் ஸ்பேனரு ஒரு பக்கம் திரும்பும், கண்ணு ஒரு பக்கம் திரும்பும். நாகலிங்கத்தோட பிளாஸ்க்குலேர்ந்து மேஸ்திரி எத்தன வாய் டீ குடிச்சாங்கன்னு கூட அவனுக்குத் தெரியும்.

இந்த நேரத்துல மேஸ்திரி மகளுக்குப் பெங்களூருல பிரசவம். ஒரு மாசம் போய் இருக்கணும்.

"அதுவரைக்கும் கடைய யாரு பாத்துக்கறது மேஸ்திரி?"

"போறப்ப சொல்றேன்."

அவ்வளவுதான். சவரிமுத்துக்குச் சோறு எறங்கல. நாகலிங்கத்துகிட்ட குடுத்துட்டா? அப்புறம் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு இந்தத் தெருவுல நடக்கறது?

அப்பதான் ஒரு டாக்டரம்மா அவங்க அப்பா ஓட்டுன பழைய புல்லட்டக் கொண்டாந்து விட்டாங்க. வண்டி கத்துது, நகர மாட்டேங்குது. கிளட்ச் பிளேட்டு தேஞ்சு வழுக்குது.

"நான் பண்றேன் மேஸ்திரி. கார்க் வச்ச அந்தக் காலத்துப் பிளேட்டே தேடிட்டு வந்து போடறேன்."

"பண்ணு."

மெட்ராசு புதுப்பேட்டையில பழைய வண்டிச் சாமான் கடை கடையா நாலு நாளு அலைஞ்சான். கடைசியா ஒரு பெரியவரு வீட்டுல கெடச்சுது. அந்த மனுசன் பிளேட்ட எண்ணெய்த் துணியில சுத்தி ரவ டப்பாக்குள்ள வச்சிருந்தாரு. பொண்டாட்டி கவனிக்காம மேல ரவையக் கொட்டிட்டாங்களாம். ரெண்டு நாளு உப்புமால எஞ்சின் வாசனை. "யாரும் குறை சொல்லல தம்பி, மருமகன் மட்டும் ரெண்டாந்தரம் கேட்டான்"னாரு.

சவரிமுத்துக்குச் சிரிப்பு வரல. அந்த நாலு நாளும் தெனம் மூணு தடவ கடைக்கு எதுத்த டீக்கடைக்குப் போன் போட்டான்.

"நாகலிங்கம் என்ன பண்றான்?"

"மேஸ்திரி பக்கத்துல உக்காந்து எஞ்சின் பிரிக்கறான்ணே."

மொத பஸ்ஸப் புடிச்சு ஓடி வந்தான்.

பிளேட்ட எண்ணெயில ஊறப் போட்டான். டிரம்மக் கழட்டித் தொடச்சான். டிரம்முன்னா பிளேட்டுங்க உக்கார்ற இரும்புக் கூடை. அதுல சுத்தி வரிவரியா காடி வெட்டியிருக்கும். பிளேட்டு ஓரத்துல நீட்டிக்கிட்டிருக்கற காது காடியில உக்காந்து முன்ன பின்ன நகரணும். அப்பதான் கிளட்ச்ச அமுக்குனா பிளேட்டு ஒண்ண ஒண்ணு விடும்.

நாகலிங்கம் எட்டிப் பாத்தான். டிரம்ம ஒரு விரலால தொட்டான்.

"அண்ணே, இந்தக் காடிய ஒருதரம்..."

"கைய எடு. இது என்ன ரவிக்கைக்கு ஊக்கு வைக்கிற வேலையா?"

நாகலிங்கம் போயிட்டான். போனவன் மேஸ்திரிகிட்ட என்ன சொல்றான்னு பாத்துக்கிட்டே சவரிமுத்து பிளேட்ட அடுக்கி, ஸ்பிரிங்கு போட்டு, மூடிட்டான்.

மறுநா மேஸ்திரி ஊருக்குக் கெளம்பற நாளு. டாக்டரம்மாவும் வண்டிய எடுக்க வந்து நின்னாங்க. சவரிமுத்து ஸ்டார்ட் பண்ணி, கிளட்ச்ச நல்லா அமுக்கிப் புடிச்சுக்கிட்டு மொத கியரப் போட்டான்.

வண்டி விசுக்குன்னு பாஞ்சு டயர் அடுக்குல முட்டி நின்னுச்சு. டயரு ஒண்ணு உருண்டு ரோட்டுக்கே போயிருச்சு.

கிளட்ச்ச அமுக்கியும் பிளேட்டு ஒண்ண ஒண்ணு விடல.

சவரிமுத்து நாகலிங்கத்தப் பாத்துக் கைய நீட்டினான்.

"இவன் வேல மேஸ்திரி! நான் கை கழுவப் போனப்ப இவன்தான் எதையோ பண்ணிட்டான். நேத்தே டிரம்முல கைய வச்சான்!"

நாகலிங்கம் ரோட்டுக்குப் போய் உருண்ட டயர எடுத்துட்டு வந்தான்.

செண்பகவல்லி டாக்டரம்மாவ சாயங்காலம் வரச் சொன்னாங்க. அப்புறம் சம்மணம் போட்டுக் கீழ உக்காந்து, மூடியக் கழட்டி, பிளேட்ட ஒண்ணொண்ணா எடுத்து வச்சாங்க. டிரம்மு மட்டும் கையில.

"சவரி, கண்ண மூடு. விரல உள்ள விடு."

விட்டான். காடி ஓரமெல்லாம் பல்லுப் பல்லா பள்ளம். பழைய பிளேட்டு வருஷக்கணக்கா இடிச்சு இடிச்சு வெட்டுன பள்ளம். இப்பப் போட்ட பிளேட்டோட காது அதுல போய் மாட்டிக்கிட்டா எப்படி நகரும்?

"இதத்தான் அவன் சொல்ல வந்தானா?"

"அவனக் கேளு."

சவரிமுத்து திரும்பினான். நாகலிங்கம் கையில அரம் இருந்துச்சு. நீட்டினான்.

"நீங்களே தேய்ங்கண்ணே. நான் டிரம்ம ஆடாமப் புடிச்சுக்கறேன்."

ஒருத்தன் புடிக்க ஒருத்தன் தேச்சான். மேஸ்திரி பொட்டிக்குள்ள சேலைய மடிச்சு வச்சுக்கிட்டிருந்தாங்க.

"மேஸ்திரி."

"சொல்லு."

"கடைய இவன்கிட்டயே குடுத்துட்டுப் போங்க."

"ஏன்?"

"பொய் சொல்ல மாட்டேன். தப்பு என்னுதுன்னு தெரிஞ்சும், இவனப் பாத்தா இன்னமும் வயிறு எரியுது. அது சுத்தமா போவட்டும். அப்புறம் நான் பாத்துக்கறேன்."

நாகலிங்கம் டிரம்ம விடல. "எனக்கும் உங்களப் பாத்தா அப்படித்தாண்ணே இருக்கு. பதினோரு வருஷம்ல"ன்னான்.

செண்பகவல்லி எந்திரிச்சு வந்து டிரம்ம வாங்கி வெளிச்சத்துல திருப்பிப் பாத்தாங்க.

"போதும் சவரி. நிறுத்து."

"பள்ளம் இன்னும் தெரியுதே மேஸ்திரி?"

"தெரியட்டும். பூராவும் போற வரைக்கும் தேச்சா டிரம்மே மிஞ்சாது. பிளேட்டு தடுக்காமப் போய் வந்தாப் போதும். மாட்டு. நாளைக்கு நீ கடையத் தொறக்கறப்ப இவனையும் கூப்புட்டுக்க."