முதுகு காட்டி எடுத்த படம்

தை மாதத்து விடியலில் எது மூடுபனி, எது தம்பூராவின் ஒலி என்று பிரித்துச் சொல்ல முடியாத ஊர் ஒன்று ஆற்றங்கரையில் இருந்தது.

அந்த ஊரில் கச்சேரி, நாடகம், பொம்மலாட்டம், பள்ளி ஆண்டு விழா எதுவானாலும் படம் எடுப்பவள் வசுமதி. வயது முப்பத்தாறு. அவளிடம் மாணவராகச் சேர்ந்தவர் சிகாமணி. வயது ஐம்பத்தொன்பது. முப்பது ஆண்டுகள் நிலம் அளந்து ஓய்வு பெற்றவர். ஊர் அவரைச் 'சர்வேயர் சார்' என்றது. வசுமதியும் அப்படியே அழைத்தாள். அவரோ அவளைக் 'குருவே' என்றார்.

"குருன்னு சொல்லாதீங்க, சார். அப்புறம் மாலையைப் போட்டு மூலையில உட்கார வச்சிடுவீங்க."

"வேற எப்படிக் கூப்பிடறது, குருவே?"

அவள் கற்றுக்கொடுத்தது ஒன்றே ஒன்றுதான். மிருதங்கத்தில் அடி விழும் கணத்தில் பொத்தானை அழுத்த வேண்டும். கேமராவின் ஓசை மிருதங்கத்தின் ஓசைக்குள் ஒளிந்துகொள்ள வேண்டும். கேட்பவர் காதில் படம் எடுப்பவர் இருக்கவே கூடாது.

சிகாமணி அதை நன்றாகவே கற்றுக்கொண்டார். ஆனால் அவருடைய கண் எல்லைக்கல்லைத் தேடிப் பழகிய கண். ஒரு விரற்கடை பிசகினாலும் அதற்குத் தூக்கம் வராது. எந்தப் படத்தையும் பெரிதாக்கிப் பார்த்து, புருவத்து மயிரை எண்ண முடிந்தால்தான் அவருக்கு நிறைவு.

கார்த்திகையில் ஒரு கச்சேரி நடந்தது. பாடியவர் கோமளவல்லி, தபால் நிலையத்தில் கடிதங்களுக்கு முத்திரை குத்துபவர். காலை முதல் மாலை வரை கை முத்திரை குத்தும். நெஞ்சு உள்ளே பாடிக்கொண்டிருக்கும். பாட்டின் உச்சியில் மேல் பஞ்சமத்தைத் தொடும்போது அந்த அம்மாளின் வாய் ஒரு பக்கமாகக் கோணும். ஒரு கண் மூடிக்கொள்ளும். கழுத்து நரம்பு கயிறாகத் திரளும். இருபது ஆண்டுகளாக ஊர் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தது, ஆனாலும் பார்க்கவில்லை. அந்த நேரத்தில் யாருக்கும் பார்க்க நேரம் இருந்ததில்லை.

சிகாமணிக்கு இருந்தது. மிருதங்கத்தின் அடியோடு அடியாக அழுத்தினார். அன்றுவரை அவர் எடுத்தவற்றிலேயே கூர்மையான படம் அது. பற்களை எண்ணலாம், நரம்பை அளக்கலாம். வசுமதியிடம் காட்டாமலே அதைக் கச்சேரி நடத்திய சபாவின் செயலாளரிடம் கொடுத்தார். செயலாளர் மகிழ்ந்து, சபாவின் ஆண்டு மலருக்கு அதையே அட்டைப் படமாகப் போட்டார்.

ஊர் சிரித்தது.

பள்ளிச் சிறுமிகள் தபால் நிலையத்து வாசலில் வரிசையாக நின்று, வாயைக் கோணி, ஒரு கண்ணை மூடி, "அஞ்சு ரூபா ஸ்டாம்பு ஒண்ணு குடுங்க" என்று இழுத்துப் பாடிவிட்டு ஓடினார்கள். கோமளவல்லி முத்திரையைக் குத்திக்கொண்டே இருந்தார். அன்று மாலை தம்பூராவுக்கு உறை போட்டார். இனிப் பாடுவதில்லை என்று சபாவுக்கு ஓர் அஞ்சலட்டை எழுதினார். அதற்குத் தம் கையாலேயே முத்திரையும் குத்தினார்.

தை விழாவுக்குப் பத்து நாள் இருந்தது. ஆற்றங்கரை மண்டபத்தில் நடக்கும் அந்த விழாவில் முதல் பாட்டை மைக் வைக்காமல் பாடுவது ஊரின் வழக்கம். பாடுபவருக்குக் கை எட்டும் தூரத்தில் ஊர் நெருங்கி உட்காரும். இருபது ஆண்டுகளாக அந்த முதல் பாட்டு கோமளவல்லியின் பாட்டு.

"அவங்க வரலேன்னா என்ன? முதல் பாட்டைப் பென் டிரைவ்ல போட்டுடலாம்" என்றார் செயலாளர்.

சிகாமணி ஆண்டு மலரை எடுத்துக்கொண்டு வசுமதியிடம் போனார்.

"குருவே, ஒரு கேள்வி."

"கேளுங்க, சார்."

"நான் பொய்யா எடுக்கலையே. இருந்ததைத்தானே எடுத்தேன்? உண்மையை எடுத்தது தப்பா?"

அவள் அட்டைப் படத்தைப் பார்த்தாள். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டாள்.

"கேமராவை எடுத்துட்டு வாங்க."

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது கோயிலில் உச்சிக்கால பூசைக்கு மணி அடிக்கத் தொடங்கியிருந்தார்கள். கோயில் தூண்கள்கூட உள்ளுக்குள் முனகின. புறாக்கள் எழுந்து, பறக்க மறந்தவைபோலக் காற்றில் மிதந்தன.

"மணி சத்தம் உச்சத்துல இருக்கறப்போ எடுங்க" என்றாள்.

எடுத்தார். கூர்மையான படம். ஆடி ஒரு பக்கம் சாய்ந்திருந்த மணியின் விளிம்பில் பொறித்திருந்த எழுத்தையும் படிக்க முடிந்தது.

வசுமதி அந்தக் கேமராவை வாங்கிக்கொண்டு, மணி ஓய்ந்தபின் வாசலில் பூக்கட்டிக்கொண்டிருந்த தெய்வானையிடம் நீட்டினாள்.

"அக்கா, இது என்னன்னு பாருங்க."

தெய்வானை நாரைப் பல்லில் கடித்தபடி எட்டிப் பார்த்தாள்.

"மணி. ஐயையோ, கோணலா மாட்டி வச்சிருக்கானுங்களே! எந்தக் கோயிலு? யாரு தலையில விழப்போகுதோ."

"நம்ம கோயிலுதான்."

"போம்மா! நம்ம மணி நேராத்தானே தொங்குது."

வசுமதி கேமராவைச் சிகாமணியின் கையில் கொடுத்தாள். இருவரும் திரும்பி நடந்தார்கள். தெரு முனையில் சிகாமணி நின்றார்.

"நான் அவங்ககிட்டப் போய்ப் பேசணும்."

"ஆமா, சார்."

செய்த பிழையை ஒப்புக்கொள்ளப் போகும் வழி எந்த அளவுச் சங்கிலியாலும் அளக்க முடியாதது. நான்கு தெருவைக் கடக்க அவருக்கு ஒரு முழு நாள் ஆயிற்று. மறுநாள் முற்பகல் தபால் நிலையத்தின் மரத்தடுப்புக்கு முன்னே போய் நின்றார். உள்ளே முத்திரை தாளம் தவறாமல் விழுந்துகொண்டிருந்தது.

"என்ன சர்வேயர் சார், படம் எடுக்கவா?" என்றார் கோமளவல்லி, தலை நிமிராமல். "இன்னிக்கு வாய் நேராத்தான் இருக்கு. வேஸ்ட்."

"கேமரா கொண்டாரலைங்கம்மா."

"அதனால என்ன? கண்ணைக் கொண்டாந்திருக்கீங்களே."

"தப்புப் பண்ணிட்டேன். மன்னிக்கணும்."

முத்திரை இரண்டு முறை விழுந்தது.

"எனக்குத் தெரியும், சார், என் வாய் கோணும்னு. கல்யாணத்துக்குப் பார்க்க வந்தவங்களே சொல்லிட்டுத்தான் போனாங்க. ஆனா பாடறப்போ மட்டும் எனக்கு மூஞ்சியே இருக்காது. அந்த ஒரு இடத்துலதான் அது இல்லாம இருந்தேன். நீங்க அங்கேயும் கொண்டாந்து மாட்டிட்டீங்க."

சிகாமணி தடுப்பின் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"நீங்க பாடணும்மா. நான் அந்தப் பக்கமே வரமாட்டேன்."

"வராம இருந்தா, எந்தத் தூணுக்குப் பின்னால நிக்கறீங்களோன்னு தேடிக்கிட்டே இருப்பேன்." கோமளவல்லி முதல் முறையாக நிமிர்ந்தார். "வாங்க. வந்து என் எதிர்ல நில்லுங்க. ஆனா எனக்கு முதுகைக் காட்டிக்கிட்டு நிக்கணும். ஊரு உங்க மூஞ்சியைப் பார்க்கட்டும். பாட்டு முடியற வரைக்கும் திரும்பக் கூடாது. முடியுமா?"

"பள்ளிக்கூடத்துல பெஞ்சு மேல ஏத்தற மாதிரியா?"

"அதே மாதிரிதான்."

"நிக்கறேன்."

"அப்போ பாடறேன்" என்று சொல்லி, கோமளவல்லி அடுத்த கடிதத்தை எடுத்தார்.

விழா நாள் விடியலில் சிகாமணி வசுமதியிடம் விடைபெற வந்தார். அவள் கேமராவைத் துடைத்து அவர் கழுத்தில் மாட்டினாள்.

"இது எதுக்கு, குருவே? நான் தண்டனைக்குப் போறேன்."

"இருக்கட்டும். ஒரே ஒரு தடவை அழுத்தலாம். ரெண்டாவது கிடையாது."

"முதுகைக் காட்டிக்கிட்டு நின்னா, எதை எடுக்கிறது?"

"லேட்டாயிடும். கிளம்புங்க, சார்."

மூடுபனி மண்டபத்துக்குள்ளேயே வந்து உட்கார்ந்திருந்தது. யார் எங்கே முடிகிறார், அடுத்தவர் எங்கே தொடங்குகிறார் என்பது தெரியவில்லை. மேடைக்கும் ஊருக்கும் நடுவே, பாடகிக்கு முதுகைக் காட்டிச் சிகாமணி நின்றார். முன்வரிசையில் பள்ளிச் சிறுமிகள். அவர்களுக்குப் பின்னே தெய்வானை, கடைக்காரர்கள், தூணோரம் செயலாளர்.

"என்ன சர்வேயர், எல்லைக்கல்லா?" என்றது ஒரு குரல். சிரிப்பு பரவியது.

"திரும்பி நில்லுய்யா, படம் அங்க இருக்கு!" என்றது இன்னொன்று.

அவர் திரும்பவில்லை. காது மடல் கொதித்தது. அறுபதை நெருங்கும் மனிதர் பெஞ்சு மேல் ஏற்றிய பையனைப்போல நிற்பதை ஊரே பார்த்தது.

முதுகுக்குப் பின்னால் தம்பூரா எழுந்தது. உறையைக் கழற்றிவிட்டார் என்று எண்ணிக்கொண்டார். பிறகு குரல் வந்தது. மைக் இல்லாத அந்தக் குரல் முதலில் சிறியதாக, தயங்கியபடி, இருட்டான வீட்டில் விளக்கைத் தேடும் கையைப்போல வந்தது. ஓரிடத்தில் நின்றேவிட்டது. சிகாமணி அசையவில்லை. குரல் மறுபடி தொடங்கியது. இம்முறை தயங்கவில்லை.

சிரிப்பு எப்போது நின்றதென்று அவருக்குத் தெரியவில்லை. மூடுபனி தரையை விட்டு மேலே எழுவதுபோல் இருந்தது. அல்லது மண்டபம்தான் தாழ்ந்துகொண்டிருந்ததோ? மிருதங்கம் மெல்லச் சேர்ந்துகொண்டது. குரல் படிப்படியாக ஏறியது. அவர் பார்க்க முடியாத இடத்தில் அது மேல் பஞ்சமத்தைத் தொட்டது.

அப்போது அவர் பார்த்தார்.

தெய்வானையின் வாய் ஒரு பக்கமாகக் கோணியது. கட்டிய பூ மடியில் கிடக்க, ஒரு கண் மூடியிருந்தது. அவள் பக்கத்தில் இருந்த எண்ணெய்க்கடைக்காரரின் வாயும் கோணியது. தூணோரம் செயலாளரின் கழுத்து நரம்பு கயிறாகத் திரண்டது. முன்வரிசைச் சிறுமிகள் அனைவரும், தபால் நிலையத்து வாசலில் நின்ற அதே சிறுமிகள், வாயைக் கோணி, ஒரு கண்ணை மூடி, தாங்கள் அப்படிச் செய்வதையே அறியாமல் உட்கார்ந்திருந்தார்கள். குரல் இறங்கியதும் முகங்கள் நேராயின. கனவில் அடித்த ஒரே அலைபோல அது வந்து போயிற்று.

குரல் இரண்டாம் முறை ஏறத் தொடங்கியது. சிகாமணி கேமராவைக் கண்ணோடு சேர்த்தார். குரல் உச்சியைத் தொட்டது. மிருதங்கத்தில் அடி விழுந்தது. அவர் அழுத்தினார். யாருக்கும் கேட்கவில்லை.

பாட்டு முடிந்தது. அதற்குப் பின்னும் அவர் திரும்பவில்லை.

"போதும், சார். திரும்பலாம்" என்றார் கோமளவல்லி, பின்னாலிருந்து.

அன்று பிற்பகல் வசுமதி அந்த ஒரே படத்தைப் பார்த்தாள்.

"ஓரமெல்லாம் கலங்கியிருக்கு, குருவே" என்றார் சிகாமணி. வாழ்நாளில் முதல் முறையாக அவர் கையில் ஒரு கலங்கிய படம்.

"கை ஆடிடுச்சா?"

"கை ஆடலை." அவர் தம் தாடையைத் தடவிக்கொண்டார். "கேமரா கன்னத்தோட ஒட்டியிருந்ததா... அந்த இடத்துல என் வாயும் கோணிடுச்சு. அதுல நகர்ந்துடுச்சு."

வசுமதி சிரிக்கவில்லை. ஆனால் அந்தப் படத்தை ஆண்டு மலரின் அளவுக்குப் பெரிதாக்கி அச்சிட்டாள்.

மறுநாள் இருவரும் தபால் நிலையத்துக்குப் போனார்கள். சிகாமணி படத்தைத் தடுப்பின் கம்பிக்கு அடியில் தள்ளிவைத்தார். கோமளவல்லி முத்திரையைக் கீழே வைத்துவிட்டு, மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தார். மூடுபனிக்குள் முகம் முகமாக ஊர். கோணிய வாய்கள். மூடிய கண்கள். திரண்ட நரம்புகள். மேடை இல்லை. தம்பூரா இல்லை.

"எல்லாரும் இருக்காங்க" என்றார். விரலை ஒவ்வொரு முகமாக நகர்த்திக்கொண்டே போனார். ஓரம்வரை போய், மறுபடி தொடக்கத்துக்கு வந்தார். "என் பாட்டுதானே அது? இதுல நான் எங்கே?"

சிகாமணி குருவைப் பார்த்தார்.

வசுமதி கம்பியின் வழியே குனிந்து, மெல்லச் சொன்னாள்:

"நீங்க இல்லாத முகம் ஒண்ணு இதுல காட்டுங்கம்மா."