மேலே காய்ந்த கல்

"மனசுல எதுவும் ஒட்டக் கூடாதும்மா. அதுக்கு ஒரு வழி சொல்லுங்க."

ஆசிரமத்துக்கு வந்த அன்றைக்கே தணிகாசலம் இதைத்தான் கேட்டார். தோளில் இருந்த பையைக் கூடக் கீழே வைக்கவில்லை.

சின்னம்மா முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். கை நிற்கவில்லை.

"எதுவும்னா?"

"எதுவுமேம்மா."

"நல்லதும் ஒட்டக் கூடாதா?"

இப்படி ஒரு கேள்வியைத் தணிகாசலம் எதிர்பார்க்கவில்லை.

"நல்லதுதாம்மா ரொம்பப் படுத்துது."

சின்னம்மாவின் கை அப்போதுதான் நின்றது.

அந்த மலையடிவாரத்து ஆசிரமத்தை முன்பு நடத்தியவரைப் பெரியம்மா என்பார்கள். அவருக்குப் பின் பொறுப்பேற்றதால் இவர் சின்னம்மா. வயதும் சின்னதுதான். தணிகாசலத்தின் மகளைவிட நாலைந்து வயது மூத்தவராக இருந்தால் அதிகம். இவரைப் பற்றிச் சுற்றுவட்டாரத்தில் ஒரே ஒரு புகார்தான் உண்டு. பதில் தேடி வருகிறவர்களிடம் இவர் கேள்வி கேட்பார். அதுவும் ஞானக் கேள்வி இல்லை. குழம்புக்கு என்ன புளி போடுவீர்கள், பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்ததா, இந்த மாதிரி.

தணிகாசலம் ஆரணிப் பக்கத்து மேஸ்திரி. வெளிவாசலுக்கும் முற்றத்துக்கும் தோட்டத்து நடைபாதைக்கும் கல் பதிப்பது தொழில். மனைவி போய்ச் சேர்ந்து கருமாதி முடிந்த மறுநாளே பஸ் ஏறிவிட்டார். இந்தப் பதினாறு நாளும் கண்ணில் பொட்டுத் தண்ணீர் வரவில்லை. துக்கம் விசாரிக்க வந்தவர்கள் அசந்துபோனார்கள். "மனுஷன்னா இப்படி இருக்கணும்" என்று நாலு பேர் நாலு விதமாகச் சொன்னார்கள். கேட்கக் கேட்க அவருக்கே அது சரியென்று பட்டது. இனிக் காவி ஒன்றுதான் பாக்கி என்று முடிவு கட்டிவிட்டார்.

"கார்த்திகை தீபத்தன்னிக்குக் காவி கட்டிக்கணும்மா" என்றார்.

"கட்டிக்கலாமே. உங்களுக்கு என்ன வேலை தெரியும்?"

சொன்னார்.

சின்னம்மா முறத்தை வைத்துவிட்டு எழுந்தார். "வாங்க மேஸ்திரி, ஒண்ணு காட்டறேன்."

காட்டியது அன்னதான முற்றம். மேலே கூரை கிடையாது. கீழே பாலிஷ் போடாத கடப்பாக் கல். பௌர்ணமிக்குப் பௌர்ணமி இலை போட்டு வரிசையாக உட்கார்ந்து சாப்பிடுகிற இடம். கருப்புக் கல்லில் எண்ணெய், சாம்பார், ரசம், பாயசம் எல்லாம் கறை கறையாகக் குடியேறியிருந்தன. எந்தப் பந்தி எங்கே முடிந்தது என்று பார்த்தாலே தெரியும்.

"இந்தக் கல்லுல எதுவும் ஒட்டாம பண்ண முடியுமா?" என்று சின்னம்மா கேட்டார்.

கேள்வி தன்னுடையதுதான் என்பதைத் தணிகாசலம் கவனிக்கவில்லை. தொழில் பேச்சு வந்ததும் மனுஷனுக்கு முகமே மாறிவிட்டது.

"அதுக்குன்னே சீலர் இருக்கும்மா. பாருங்க."

பக்கத்தில் இருந்த தண்ணீர்ச் சொம்பில் விரல் நனைத்து ஒரு சொட்டு விட்டார். சொட்டு பரவியது. கல் அந்த இடத்தில் இன்னும் கருத்தது.

"குடிக்குது பாத்தீங்களா? தண்ணியைக் குடிக்கிற கல்லு எண்ணெயையும் குடிக்கும். சீலர் பூசிட்டா சொட்டு மேலயே உருண்டு நிக்கும். ஒரு துணியால துடைச்சா போச்சு."

சின்னம்மா மண்டியிட்டார். தானும் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தார். நகர்ந்து அடுத்த கல்லில் விட்டார். அதற்கடுத்த கல்லிலும். சொம்பு காலியாகும்வரை விடவில்லை.

"அந்தக் கல்லு கொஞ்சம் மெதுவா குடிக்குது. ஏன்?"

"அது வேற பாறைம்மா."

"ஓ" என்றார் சின்னம்மா. அவ்வளவு சந்தோஷம் அந்த 'ஓ'வில்.

"பூசிடுங்க மேஸ்திரி. பூசி முடிங்க, அப்புறம் காவி பத்திப் பேசுவோம்."

தணிகாசலத்துக்கு இது போதாதா? மறுநாளே ஆரம்பித்தார். சலவைச் சோடாவும் பிரஷ்ஷுமாகக் கல் கல்லாகத் தேய்த்தார். பழைய கறை எல்லாம் நுரைத்து வெளியே வந்தது. குழாய் போட்டு அலசினார். இடுக்குகளில் சிமெண்ட் பெயர்ந்த இடத்தைப் பூசி அடைத்தார். இடையில் பையில் இருந்த போன் அடிக்கும். மகளாகத்தான் இருக்கும். ஈரக்கையைக் காரணம் காட்டி எடுக்காமல் விட்டுவிடுவார்.

அலசிய கல் நன்றாகக் காய வேண்டும். காய்ந்துகொண்டிருக்கும்போதே மழை பிடித்துக்கொண்டது. கார்த்திகை மாதம், பெய்யாமல் என்ன செய்யும்?

மழை விட்டது. மறுநாள் வெயில் சுளீரென்று அடித்தது. மத்தியானம் தணிகாசலம் கல்லில் கை வைத்துப் பார்த்தார். சுட்டது. சுத்தமாகக் காய்ந்திருந்தது. தீபத்துக்கோ நாள் நெருங்கிவிட்டது.

சீலர் டப்பாவைத் திறந்தார்.

சாயங்காலம் பார்த்தவர்கள் வாயைப் பிளந்தார்கள். முற்றம் கன்னங்கரேலென்று மின்னியது. சமையற்கட்டில் இருந்து வந்த பெண்கள் செருப்பைத் தூரத்திலேயே கழற்றிவிட்டு எட்டி எட்டிப் பார்த்தார்கள். தணிகாசலம் நேரே சின்னம்மாவிடம் போனார்.

"முடிஞ்சுதும்மா."

"காலையில பாக்கலாம்" என்றார் சின்னம்மா.

காலையில் பார்த்தார்கள். முற்றம் முழுக்க மோர் கொட்டி உலர்ந்தாற்போல வெளுத்துக் கிடந்தது.

தணிகாசலம் அதன் ஓரத்தில் நின்றார்.

சின்னம்மாவுக்குக் கோபம் வரவில்லை. குனிந்து ஒரு விரலால் தேய்த்துப் பார்த்தார். வெள்ளை போகவில்லை. விரலைப் பார்த்தார், கல்லைப் பார்த்தார். புதிதாக எதையோ கண்டுபிடித்தவர் முகம் அது.

"இது எங்கேருந்து வந்துச்சு?"

"உள்ள ஈரம் இருந்திருக்கும்மா. மேல சீலர் மூடிடுச்சு. வெளிய வர வழியில்லாம அங்கயே நின்னு வெளுத்துப் போச்சு."

"துடைச்சா போகாதா?"

"மேல இருந்தா துடைக்கலாம்."

"இன்னொரு தடவை மேல பூசினா மறைஞ்சிடுமா?"

"இன்னும் அசிங்கமாகும்மா."

"ஈரத்துல பூசக் கூடாதுன்னு உங்களுக்குத் தெரியாதா மேஸ்திரி?"

தணிகாசலத்துக்குச் சுருக்கென்றது. இத்தனை வருஷத்தில் எத்தனை ஆட்களை இதற்காகத் திட்டியிருப்பார்!

"தெரியும்."

"அப்புறம்?"

"மேல காய்ஞ்சிருந்துச்சும்மா."

சின்னம்மா தலையாட்டினார். நியாயமான பதில்தான் என்பதைப்போல.

பூசியதை எடுப்பது பூசுவதைவிடப் பெரிய வேலை. சீலரைக் கரைக்கிற தின்னரை ஊற்றி ஊறவிட வேண்டும், சுரண்ட வேண்டும், துடைக்க வேண்டும், திரும்ப ஊற்ற வேண்டும். தணிகாசலம் முட்டிக்குக் கீழே சாக்கை மடித்துப் போட்டுக்கொண்டு சுரண்டினார். உதவிக்கு வந்தவர்களை வேண்டாம் என்று அனுப்பிவிட்டார். தன்மேல் அவருக்கு அவ்வளவு ஆத்திரம். தீபத்தன்று எல்லோரும் மலையைப் பார்த்து அரோகரா என்றபோது அவர் மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். காவி கட்டிக்கொள்ள வேண்டிய நாள் அப்படியே கடந்துபோனது.

கல் மறுபடியும் பழைய கருப்புக்கு வந்தது.

"அம்மா, இனிமே அவசரப்பட மாட்டேன்" என்றார். "ஒரு சோதனை இருக்கு. அதைப் பண்ணிட்டுத்தான் பூசுவேன். பூசின அன்னிக்கே காவி குடுத்துடுங்க. இதுக்கு மேல என்னைக் காக்க வைக்காதீங்க."

"என்ன சோதனை?" சின்னம்மாவுக்குக் காவி காதில் விழுந்ததா என்றே தெரியவில்லை.

தணிகாசலம் ஒரு பாலிதீன் ஷீட்டை வெட்டிக் கல்லின்மேல் விரித்தார். நாலு பக்கமும் டேப் ஒட்டினார். "வெயில்ல கிடக்கட்டும்மா. உள்ள ஈரம் இருந்தா காட்டிக் குடுத்துடும்."

அவர் போய் வேறு வேலை பார்க்கலாம் என்று நினைத்தார். சின்னம்மாவோ தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு ஷீட்டுக்கு எதிரிலேயே சம்மணம் கட்டி உட்கார்ந்துவிட்டார். டென்ட் கொட்டகையில் படம் பார்க்க உட்காருகிற தோரணை. தணிகாசலத்துக்கு வேறு வழியில்லை. அவரும் உட்கார்ந்தார்.

வெயில் ஏறியது. கல் சுட்டது. ஷீட்டுக்கு அடியில் முதலில் ஒன்றும் இல்லை. பிறகு லேசாக மங்கியது. பிறகு ஒரு சொட்டு. பக்கத்தில் இன்னொன்று.

"வந்துடுச்சு!" என்றார் சின்னம்மா. "மேல தொட்டா காய்ஞ்சிருக்கே மேஸ்திரி, இவ்வளவு தண்ணி எங்க இருந்துச்சு?"

"கல்லுக்கு அடியில மண்ணு இருக்கில்லம்மா. அது வாங்கி வச்சிருக்கும்."

"எத்தனை நாளுக்கு வரும்?"

"மழை பெஞ்சதைப் பொறுத்தது."

"நீங்க ஏதாவது பண்ணி சீக்கிரம் வரவைக்க முடியாதா?"

"முடியாதும்மா. திறந்து போட்டுட்டுச் சும்மா இருக்கணும். அவ்வளவுதான்."

சின்னம்மா டேப்பைப் பிரித்து ஷீட்டை எடுத்தார். அடியில் கல் நனைந்திருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே, குழம்புக்கு என்ன புளி என்று கேட்கிற அதே குரலில் கேட்டார்.

"உங்க வீட்டம்மா பேரு என்ன?"

தணிகாசலம் நிமிர்ந்தார். வந்ததிலிருந்து அதை யாரும் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

"அம்சவேணி."

"எப்படிக் கூப்பிடுவீங்க? வேணியா, அம்சாவா?"

"பேரெல்லாம் சொல்லிக் கூப்பிட்டதில்லம்மா. எங்க பக்கம் அப்படிப் பழக்கமில்ல. 'இந்தா'ன்னா வந்துடுவா."

"ஒரு தடவை கூடவா பேரு சொல்லல?"

தணிகாசலம் பிரித்த டேப்பை எடுத்து உருட்டினார். சின்னம்மாவும் விடவில்லை, வற்புறுத்தவும் இல்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். கன்னத்தில் கை வைத்துக் காத்திருந்தார்.

"ஒரு தடவை" என்றார் தணிகாசலம். "ஆஸ்பத்திரியில. 'இந்தா, இந்தா'ன்னு எத்தனையோ தடவை கூப்பிட்டேன், கண்ணைத் திறக்கல. அதான் காதுகிட்ட போயி, அம்சவேணி அப்படின்னேன்."

"கேட்டுச்சா அவங்களுக்கு?"

"தெரியலம்மா."

அதைச் சொன்னதும் அவருடைய தாடை நடுங்கியது. நிறுத்தப் பார்த்தார். பல்லைக் கடித்தார். அடிவயிற்றிலிருந்து ஒரு சத்தம் கிளம்பியது. அது தன்னுடைய குரல்தான் என்பதே அவருக்கு உடனே விளங்கவில்லை.

"தெரியலையேம்மா... கேட்டுச்சா இல்லையான்னு தெரியலையே... பொண்ணு கெஞ்சினாம்மா. அம்மாவைப் பத்திப் பேச உன்னை விட்டா எனக்கு யாருப்பா இருக்கான்னு கையைப் பிடிச்சா. நான் உதறிட்டு வந்துட்டேன்."

ஊர் மெச்சிய மனுஷன், நட்ட நடு முற்றத்தில், கல்லில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு அழுதார். மூக்கிலும் வாயிலும் ஒழுகியது. சமையற்கட்டு ஜன்னலில் இரண்டு தலைகள் தெரிந்து, சின்னம்மா பார்த்ததும் மறைந்தன. சின்னம்மா அவரைத் தொடவில்லை. ஆறுதலாக ஒரு சொல் சொல்லவில்லை. எழுந்தும் போகவில்லை.

வெகுநேரம் கழித்துத் தணிகாசலம் தோள் துண்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார். ஆசிரமத்தில் இப்படியா ஒருவன் அழுவது என்று வெட்கம் பிடுங்கித் தின்றது.

"மன்னிச்சிடுங்கம்மா. இதோ நிறுத்திடறேன்."

சின்னம்மா எட்டி அந்தத் துண்டை அவர் முகத்திலிருந்து விலக்கினார்.

"எதுக்கு நிறுத்தணும்? நல்ல வெயில்."