பிரவுன் தாள் அட்டை

வடகரை வாசகர் மன்றம் ஆண்டுக்கு ஒரு நாவலுக்குப் பரிசு கொடுக்கும். போட்டிக்கு வரும் புத்தகங்களுக்குப் பிரவுன் தாளில் அட்டை போட்டு, உள்ளே ஆசிரியர் பெயர் வரும் இடங்களிலும் தாள் ஒட்டிய பிறகே நடுவர்களிடம் தருவார்கள். மன்றத்தைத் தொடங்கிய தனக்கோடி டீச்சர் வைத்த வழக்கம் அது.

அந்த ஆண்டு வந்தவை ஒன்பது. நடுவர்கள் மூவரும் ஒரே புத்தகத்தைச் சொல்லிவிட்டுக் கிளம்பினார்கள். செயலாளர் சங்கரபாண்டி, டீச்சர் முன்னால் உட்கார்ந்து அட்டையைப் பிரித்தார். முகம் சுருங்கிவிட்டது.

"இருதயராஜ், டீச்சர்."

சென்ற ஆண்டு ஒரு பத்திரிகையில் இந்த மன்றத்தைச் சால்வைக் கடை என்று எழுதியவர் இருதயராஜ். அதன் செயலாளருக்குச் சால்வை மடிக்கத் தெரியும், புத்தகம் பிரிக்கத் தெரியாது என்றும் எழுதியிருந்தார். பாண்டியின் மருமகனே அதைச் சத்தமாக வாசித்துச் சிரித்தார். டீச்சரிடம் வாசிக்கப் பழகிய பாண்டிக்கு அதுதான் ஆறவில்லை.

மன்றத்தை இழிவாக எழுதியவர்களுக்குப் பரிசில்லை என்று ஒரு விதி சேர்த்துவிடலாம், நடுவர்களிடம் நான் பேசிக்கொள்கிறேன் என்றார் பாண்டி.

டீச்சர் அட்டையைத் திரும்பப் போடச் சொன்னார். பழைய மடிப்பிலேயே விழ வேண்டும் என்றார். போட்டதும், எங்காவது ஒரு பக்கத்தை வாசிக்கச் சொன்னார்.

வெள்ளத்தில் ஒரு பெண் தன் மாட்டை அவிழ்த்து விட்டுவிட்டு, கயிற்றை மட்டும் பிடித்தபடி கூரைமேல் உட்கார்ந்திருக்கிறாள். ஒரு பக்கம் என்றுதான் பாண்டி தொடங்கினார். நான்காவது பக்கத்தில் மாடு நீந்தித் திரும்பி வந்தது. பாண்டி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இந்தப் புத்தகம் நம்மை எங்கே திட்டுகிறது, பாண்டி?"

பாண்டி தொலைபேசியை எடுத்தார். செய்தியைச் சொன்னதும், யார் பேசுவது என்று இருதயராஜ் மறுபடி கேட்டார்.

"சால்வைக் கடைதான்" என்றார் பாண்டி.

அங்கே சிரிப்பு கேட்டது. வருகிறேன், ஆனால் மேடையில் மனத்தில் பட்டதைத்தான் பேசுவேன் என்றார் இருதயராஜ்.

பாண்டிக்கும் சிரிப்பு வந்தது. ஓராண்டாக நெஞ்சில் கிடந்தது இறங்கிப்போயிற்று. ஆனாலும் ஒரு கேள்வி மிச்சமிருந்தது.

"எல்லார் முன்னாலும் மறுபடி திட்டினால் என்ன செய்வது, டீச்சர்?"

"கடைசி வரிசைக்கும் கேட்கிற மாதிரி நல்ல மைக்காகப் பார்த்து வை."