முதலையிடம் போன தண்ணீர்த்துறை

ஒரு காட்டில் தேர்தல் வந்தது, குழந்தைகளே. அரசர் பதவிக்குச் சிங்கமும் புலியும் போட்டியிட்டன. அதே நாளில் தண்ணீர்த்துறைக்கும் ஒரு காவலரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதற்கு ஆமையும் முதலையும் நின்றன.

அந்தக் காட்டில் வாக்குச்சீட்டு கிடையாது. ஆளுக்கு இரண்டு இலந்தைப் பழம் கொடுப்பார்கள். போட்டியிடுபவர் ஒவ்வொருவருக்கும் ஒரு குழி. ஒரு பழம் அரசருக்கு, மற்றது துறைக்காவலருக்கு.

ஒரு மாதமாகக் காட்டில் வேறு பேச்சே இல்லை.

"சிங்கத்தின் பிடரியைப் பார்த்தாயா?" என்றது அணில்.

"போடா, புலியின் நடைக்கு முன்னால் பிடரி எம்மாத்திரம்!" என்றது முயல்.

அன்றோடு இரண்டுக்கும் பேச்சுவார்த்தை நின்றது. குட்டி போட்டுச் சில நாட்களே ஆன தாய்மான், தொண்டை கட்டும்வரை சிங்கத்துக்காகக் கூவியது.

தேர்தல் நாளில் ஆமை வழியில் நின்று கெஞ்சியது. "அக்கா, துறைக்கு நான் நிற்கிறேன். கரையில் முள் கிடக்காமல் பார்த்துக்கொள்வேன்."

"காட்டின் தலைவிதியே இன்றைக்கு முடிவாகப் போகிறது. நீ முள்ளைப் பற்றிப் பேசுகிறாயே!" என்றது மான். ஒரு பழத்தைச் சிங்கத்தின் குழியில் போட்டது. மற்றதைத் தின்றுவிட்டது. நல்ல இனிப்பு.

மற்ற மிருகங்களும் அப்படியே அரசருக்கு மட்டும் ஒன்றைப் போட்டுவிட்டு மற்றதைத் தின்றன.

மாலையில் எண்ணினார்கள். சிங்கம் வென்றது. காடே குதித்தது. துறைக்குப் போட்டியிட்ட ஆமைக்குக் கிடைத்தது ஒரே பழம், அது தானே போட்டது. முதலைக்கு இரண்டு. ஒன்று அது போட்டது, இன்னொன்று அதன் மனைவி போட்டது.

மறுநாளே முதலை சட்டம் போட்டது. "கரையில் நின்று குடித்துக் குடித்துக் கரையெல்லாம் சேறாகிறது. இனி யாராக இருந்தாலும் இடுப்பளவு இறங்கித்தான் குடிக்க வேண்டும். கூட்டமாக வரக் கூடாது. ஒருவர் பின் ஒருவராக வாருங்கள்."

தாய்மான் பயந்துபோய்த் துறைப்பக்கமே போகவில்லை. அந்தக் கோடையில் வேறெங்கும் தண்ணீரும் இல்லை. அதன் மடி வற்றியது. குட்டி முட்டி முட்டிப் பார்த்து அழுதது. மான் மலையேறிச் சிங்கத்திடம் ஓடியது.

"அரசே, உங்களுக்காக எவ்வளவு கத்தினேன்! அந்த முதலையை நீக்கிவிடுங்கள்."

"உன் அன்பை மறப்பேனா மகளே? ஆனால் துறை என் கையில் இல்லை. அதற்கு நீங்கள்தானே ஆள் வைத்தீர்கள்?"

"ஐயோ, நாங்கள் யாரும் அதற்கு வாக்கே போடவில்லையே!"

"அதனால்தான் அது வென்றது" என்று சொல்லிச் சிங்கம் கொட்டாவி விட்டது.

மான் திரும்பி வந்தது. குட்டிக்கு இப்போது அழக்கூடக் குரல் இல்லை. மான் அதைக் கரையில் விட்டு, ஒருமுறை நக்கிக் கொடுத்துவிட்டுத் தண்ணீரில் கால் வைத்தது. குளம்பு நனைந்தது. முழங்கால் நனைந்தது.

அப்போது மலைமேல் சிங்கம் கர்ஜித்தது.

"ஆகா, என்ன கம்பீரம்! நல்ல அரசரைத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள்" என்றது முதலை. "ஆனால் சட்டம் இடுப்பளவு, தாயே. இன்னும் கொஞ்சம் உள்ளே வாருங்கள்."

நீதி: அரியணையில் யார் என்று பார்த்தால் மட்டும் போதாது, தண்ணீர்த்துறையில் யார் என்றும் பார்க்க வேண்டும்.